பழைய போல்ட்டும் புதிய பற்றுச்சீட்டும்

டிராக்டர் வைத்து வாடகைக்கு விடும் நமது சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போது, செலவுச் சீட்டுக் கட்டில் பார்த்த மாத்திரத்திலேயே பேனாவை நிறுத்திவிடும் சீட்டு ஒன்று அடிக்கடி அகப்படுவதுண்டு. “போல்ட், நட், வாஷர் வகை” என்று ஒரே வரியில் எழுதி, எதிரே ஒரு தொகை போடப்பட்டிருக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் அவை ஏன் வாங்கப்பட்டன, கழற்றிய பழையவை என்னவாயின என்ற இரண்டு கேள்விகளுக்கும் அச்சீட்டில் விடை இராது. இரும்பினால் ஆன ஒரு சாமான், கண்ணுக்கு நன்றாகவே தோன்றுவது, கழற்றிய இடத்திலேயே மீண்டும் மாட்டக்கூடியது. அதற்குப் புதிது வாங்குவது சங்கத்தின் பணத்தை விரயம் செய்வதல்லவா என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. அதன் விளைவைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், இப்பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சங்கத்தின் கணக்கில் அத்தகைய சீட்டொன்றுக்கு நான் சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதினேன். டிராக்டரின் பின்சக்கர போல்ட் பதினாறும் ஒரே வருஷத்தில் இரண்டு முறை வாங்கப்பட்டிருந்தன. “பழையவை பயன்படுத்தத் தக்க நிலையில் இருந்திருக்க வேண்டும், காரணம் காட்டுக” என்று எழுதினேன். “இருந்திருக்க வேண்டும்” என்ற சொற்களை இன்று படித்தால் எனக்கே வெட்கமாயிருக்கிறது. ஏனெனில் நான் அந்தப் போல்ட்களைப் பார்க்கவேயில்லை. காரியதரிசி காரணம் எதுவும் காட்டாமல், தொகையைத் தம் கையிலிருந்தே கட்டிவிட்டார். கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு என்றால், அதாவது தண்டத்தீர்வை என்றால், நேர்மையான மனிதருக்குத்தான் அதிக நடுக்கம். அடுத்த போகத்தில் மெக்கானிக் கேட்டபோது அவர் சொன்ன பதில், “ஆய்வாளர் ஒத்துக்கொள்ளமாட்டார், இருப்பதையே போடு” என்பது. அந்தப் போகத்தில், தொளி அடித்துவிட்டுத் திரும்பும் வழியில், வாய்க்கால் கரை ஏற்றத்தில் டிராக்டரின் இடது பின்சக்கரம் கழன்றது. ஓட்டுநருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவருக்கு ஏழு மாதம் வேலையில்லை. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த தொகையை ஓட்டுநரின் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பகுதியில் டிராக்டர் சக்கர போல்ட்டின் நிலைமை மற்ற ஊர்களைவிடக் கடினமானது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால், கூடலூரிலிருந்து வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வரையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும். சேற்றில் இறங்க இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்ட வேண்டும். தார்ச்சாலையில் போக அதைக் கழற்றி ரப்பர்ச் சக்கரத்தை மாட்ட வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஒரே போகத்தில் அந்தப் போல்ட்கள் எத்தனை தடவை கழற்றி முறுக்கப்படுகின்றன என்பதை உழவர்கள் அறிவார்கள். வரப்பின்மேல் நின்று, சேற்றுக் கையால், மரையில் மணல் ஒட்டியிருக்க, ஸ்பேனருக்கு ஒரு முழக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று முறுக்குகிறார்கள். மோட்டார் காரின் சக்கர போல்ட் தன் ஆயுள் முழுவதும் காணாத வருத்தத்தை இது இரண்டு மாதத்தில் கண்டுவிடுகிறது. ஆகவே அக்காரியதரிசி வருஷத்துக்கு இரண்டு முறை வாங்கியது ஊதாரித்தனமன்று. நெல் சாகுபடியின் செலவே ஆகும்.

போல்ட் எவ்வாறு பிடிக்கிறது என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது மாட்டுவண்டியின் கடையாணியிலிருந்து வந்த எண்ணம் என்று நினைக்கிறேன். கடையாணி இருசின் முனையில் குறுக்கே நிற்கிறது. சக்கரம் வெளியே வரப்பார்த்தால் தடுக்கிறது. அது இறுகியிருக்க வேண்டிய அவசியமில்லை, நின்றால் போதும். தேய்ந்து மெலிந்தாலொழியப் பத்து வருஷமும் உழைக்கும். போல்ட்டோ அவ்வாறு தடுத்து நிற்பதன்று. முறுக்கும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. இழுபட்டது தன் பழைய நீளத்துக்குச் சுருங்க முயல்கிறது. அந்தச் சுருங்கும் விசையே சக்கரத்தையும் அச்சையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. போல்ட் என்பது பார்வைக்குக் கம்பி, வேலையில் ஸ்பிரிங். நல்ல எஃகு போல்ட் ஒன்றைச் சரியான அளவுக்கு முறுக்கினால் 100 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் நீளும். அந்த நாலைந்து தலைமயிர்க் கனம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சக்கம்பட்டியிலோ டி. சுப்புலாபுரத்திலோ தறியில் உட்கார்ந்திருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். பாவில் இழைக்கு ஓர் இழுவை உண்டு. அந்த அளவுக்குள் இழுத்துவிட்டால் தன் நிலைக்குத் திரும்பும். அளவு மீறி இழுபட்ட இழை அறாமல் இருந்தாலும் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் மற்ற இழைகளோடு ஒத்து நிற்காது. சேலையில் அந்த இடம் தனியே தெரியும். எஃகுக்கும் அதே நியாயம்தான். எல்லைக்குள் முறுக்கப்பட்ட போல்ட்டைக் கழற்றினால் பழைய நீளத்துக்கு வந்துவிடும், மீண்டும் மாட்டலாம். எல்லை கடந்ததோ நீண்டபடியே நின்றுவிடும். அதன் நடுவில் எங்கோ ஓரிடம் மெலிந்திருக்கும். அடுத்த முறை முறுக்கும்போது ஸ்பேனருக்கு இறுகுவதுபோலத் தோன்றும். உண்மையில் அது இறுகுவதில்லை, மேலும் நீள்கிறது.

எனவே “பழையதைப் போடலாமா, புதிது வாங்கலாமா” என்ற கேள்விக்கு எல்லாப் போல்ட்டுக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. வண்டியின் எந்த இடத்துப் போல்ட் என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும். மட்கார்டு, பானெட், பாட்டரித் தட்டு, சைலன்ஸர் தாங்கி போன்ற இடங்களில் துருவைத் துடைத்து, மரையை எண்ணெய்ப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து பழையதையே மாட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை. அங்கேயும் புதிது வேண்டும் என்று கேட்கும் மெக்கானிக்கை நானே சந்தேகிப்பேன். கியர்பெட்டி மூடி, பம்பு மூடி முதலியவற்றில் நட்டை விரலாலேயே கடைசி மரைவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். தடங்கலின்றி ஓடினால், தலை முனை மழுங்காமலும் துரு குழி விழாமலும் இருந்தால், அது இன்னும் உழைக்கும். இடையில் ஓரிடத்தில் நட்டு சிக்குமானால் அங்கே மரை இழுபட்டிருக்கிறது என்று பொருள். புதிய போல்ட் ஒன்றின் மரையோடு பழையதன் மரையைப் பல்லோடு பல்லாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நீண்டுவிட்டது எது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளையும் இதைச் செய்யலாம்.

ஆனால் சில போல்ட்களை அவற்றைச் செய்தவர்களே ஒரு முறைக்கென்று செய்திருக்கிறார்கள். இக்காலத்துக் கார், வேன் என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர் ஹெட் போல்ட்டை ஒரு குறிப்பிட்ட முறுக்கு வரையில் இறுக்கிய பிறகு, 90 டிகிரி, இன்னும் 90 டிகிரி என்று கோண அளவில் திருப்பச் சொல்லியிருப்பார்கள். எல்லையைத் தொடும் வரையில், சிலவற்றில் எல்லையைச் சற்றுத் தாண்டியும், வேண்டுமென்றே இழுத்து வைப்பது அந்த முறை. எல்லாப் போல்ட்டும் ஒரே விசையில் பிடிக்க அது உதவுகிறது. அத்தகைய போல்ட்டைக் கழற்றினால் அதன் கடமை முடிந்தது. சில கம்பெனிகள் இத்தனை மில்லிமீட்டர் நீளத்துக்கு மேற்படாவிட்டால் மறுபடி மாட்டலாம் என்று அளவு கொடுத்திருக்கும். அளவு கொடுத்திருந்தால் அளந்து பார்த்து மாட்டலாம், கொடுக்காவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். கனெக்டிங் ராடு போல்ட்டுக்கும் வண்டியின் புத்தகம் சொல்வதே சட்டம். நைலான் வளையம் வைத்த நட், சக்கர மையத்தில் உளியால் தட்டி மடக்கிய நட், ஸ்டியரிங் மூட்டுகளின் ஸ்பிலிட் பின், பிரேக் குழாயின் செப்பு வாஷர் ஆகிய இவையெல்லாம் கழற்றினால் புதிதே வேண்டும். ஒரு ஸ்பிலிட் பின்னின் விலை ஒரு தேநீர் விலைகூட இல்லை. அதை நிமிர்த்தி மீண்டும் மடக்குகிற மெக்கானிக்கைச் சிக்கனக்காரர் என்று நான் மெச்சமாட்டேன்.

ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டும் யூ போல்ட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் நம் குடும்பத்துப் பெண்களின் உயிர் தொங்குகிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கை அவ்வண்டிகள் மதிப்பதில்லை. போடிமெட்டுக்குப் போகும் பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாரம் முழுவதும் ஒரு பக்கத்துப் பட்டைகளின்மேல் சாய்கிறது. உடைந்த பட்டையை மாற்ற வண்டி பட்டறைக்கு வரும்போது யூ போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அது அச்சின்மேல் வளைந்து படிந்து, மரை நசுங்கி, நீண்டும் இருக்கும். ஸ்பிரிங் செய்பவர்கள் அதை மறுபடி மாட்டாதீர்கள் என்றே சொல்கிறார்கள். பழையதை மாட்டினால் நாளடைவில் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் பட்டைகளின் நடுவிலுள்ள சென்டர் போல்ட் அறுபடுகிறது. அது அறுபட்டால் அச்சு தன் இடத்தைவிட்டு நகர்கிறது. வளைவில் அச்சு நகர்ந்த வண்டியை எந்த ஓட்டுநரும் திருப்ப முடியாது. புதிய யூ போல்ட் மாட்டினாலும், இரண்டொரு நாள் ஓடியபின் ஒரு முறை மறுபடி முறுக்க வேண்டும். இந்த இரண்டாம் முறுக்கலுக்கு எவரும் கூலி கேட்பதில்லை, ஆகையால் எவரும் செய்வதுமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, “அப்படியானால் எதற்கும் புதிதாகவே வாங்கிப் போட்டுவிடலாமே” என்று ஒருவர் கேட்கக்கூடும். அதுவும் ஆபத்தான முடிவு. புதிது என்பதனாலேயே ஒரு போல்ட் நல்லதாகிவிடாது. தலையில் 8.8 என்று முத்திரையிட்ட 12 மில்லிமீட்டர் போல்ட் சுமார் 5 டன் இழுவைவரை நிலை குலையாது. இரும்புக் கடையில் நிறுத்து விற்கும் முத்திரையில்லாத மெல்லிரும்பு போல்ட் அதே கனத்தில் சுமார் 2 டன்னுக்கே நீண்டு போகும். இரண்டும் பளபளப்பாகத்தான் இருக்கும். வண்டியோடு வந்த 10.9 முத்திரைப் பழைய போல்ட் நல்ல நிலையில் இருக்க, அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைப் போல்ட்டை மாட்டுகிறவன் பணம் கொடுத்துப் பலவீனத்தை வாங்குகிறான். முத்திரையில் முதல் எண் அறுந்துபோகும் வலிமையையும், இரண்டாம் எண் அதில் எத்தனை பங்குவரை நீளாமல் தாங்கும் என்பதையும் குறிக்கும், 8.8 என்றால் அறும் வலிமையில் 80 சதவிகிதம் வரையில். நட்டின்மேலும் 8, 10 என்று எண் உண்டு. போல்ட்டின் முதல் எண்ணுக்கு அது குறையலாகாது. நம் சென்னைக்கு அருகே பாடியில் 1960-களிலேயே இத்தகைய உயர்தர போல்ட் செய்யும் தொழிற்சாலை தோன்றிவிட்டது. முத்திரையுள்ள சரக்கு கிடைக்கவில்லை என்று இன்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

மரையின் அளவிலும் ஏமாற்றம் உண்டு. பழைய ஜீப்புகளில் அங்குல மரை. புதிய வண்டிகளில் மில்லிமீட்டர் மரை. பட்டறையில் இரண்டரை நூல் என்று சொல்லும் போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மரைக்கு மரை உள்ள தூரம் ஒன்றில் 1.41, மற்றொன்றில் 1.25 மில்லிமீட்டர். ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட்டால் இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று ஸ்பேனரை வைத்துவிடுகிறோம். உண்மையில் மரை மரையைத் தின்றுகொண்டிருக்கிறது. (நெசவாளருக்கு நூல் ஒன்று, கொல்லனுக்கு நூல் வேறு, கொல்லனின் நூல் எட்டு சேர்ந்தால் ஓர் அங்குலம்.)

கண்ணால் ஒப்பிட்டு எடுப்பதன் விபரீதம் நமது பட்டறைகளுக்கு மட்டும் உரியதன்று. 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினிலுள்ள மாலகா நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் முன்கண்ணாடி வானத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடல் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரது கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். விசாரித்ததில், கண்ணாடியை மாற்றிய பொறுப்பாளர் பழைய போல்ட்களை மாற்றவேண்டும் என்று சரியாகவே முடிவு செய்திருந்தார். ஆனால் உரிய புத்தகத்தைப் பார்க்காமல், பழையதோடு கண்ணால் ஒத்துப் பார்த்துப் புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்களில் 84 குறுக்களவில் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மற்ற ஆறும் நீளம் போதாதவை. அவர் ஒத்துப் பார்த்த பழைய போல்ட்களே முன்பு யாரோ தவறாக மாட்டியவை! சரியான எண் எதுவென்று சாமான் அறைப் பொறுப்பாளர் அவரிடம் சொல்லியும் இருந்தார். வற்புறுத்தவில்லை, அவ்வளவுதான். நம் சங்கத்தின் சாமான் அறையில் இருப்பவரும் பெரும்பாலும் அப்படித்தான். மெக்கானிக்கை எதிர்த்துப் பேசக் கூச்சம்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட் கழலாது என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பக்கவாட்டில் ஆட்டம் கொடுத்துச் சோதித்து, நட் தானாகவே கழன்று வருவதைக் காட்டினார். அந்த ஆட்டத்துக்கு ஸ்பிரிங் வாஷர் பெரிய தடையல்ல என்பதும் தெரிந்தது. போதிய இழுவையில் முறுக்கிய போல்ட்டே கழலாத போல்ட். விசைத்தறியின் அதிர்ச்சியில் வாரந்தோறும் நட் முறுக்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். போதிய இழுவை என்பதைக் கையால் அறிய முடியாது. முறுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மரையில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். எண்ணெய் இருந்தால் கூடிவிடும். அளவு காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று சங்கத்தில் இருந்தால் அங்கத்தினர்கள் எல்லோரும் முறைவைத்து எடுத்துப்போகலாம். தனி மனிதர் வாங்கத் தயங்குவதைச் சேர்ந்து வாங்குவதற்குத்தானே சங்கம்?

இனி, என் இலாகாவைச் சேர்ந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். “நீர் சொல்வதைக் கேட்டு எல்லாச் சீட்டையும் ஒப்புக்கொண்டால், புதிது வாங்கியதாக எழுதிவிட்டுப் பழையதையே மாட்டும் மோசடிக்குக் கதவு திறந்துவிடாதா?” நியாயமான கேள்வி. அப்படி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரம் சீட்டை மறுப்பதன்று, போல்ட்டைப் பார்ப்பது. கழற்றிய பழைய போல்ட்களை ஒரு பையில் கட்டி, சீட்டு எண்ணை எழுதி, அடுத்த ஆய்வுவரை சங்கத்தில் வைத்திருக்கட்டும். சீட்டில் எந்த வண்டி, எந்த இடம், என்ன முத்திரை, எத்தனை என்ற நான்கும் எழுதப்படட்டும். பதினாறு வாங்கியதாகச் சீட்டு இருந்து, பையில் பழையது பதினாறு இருந்தால் வேறென்ன சாட்சி வேண்டும்? எண்ணி முடித்தபின் அவற்றைச் சம்மட்டியால் வளைத்துவிட வேண்டும். வளைக்காமல் பழைய இரும்புக்குப் போட்டால், துடைத்து மெருகேற்றி வேறொருவர் வண்டிக்கு அவை வந்து சேரும்.

சக்கரம், பிரேக், ஸ்டியரிங், என்ஜினின் உள்பாகம் ஆகிய நான்கு இடங்களுக்கு வாங்கும் முத்திரை போல்ட்டுக்குக் காரணம் கேட்பதில்லை என்று நிர்வாகக் குழுக்கள் முன்கூட்டியே ஒரு தீர்மானம் செய்துவைப்பது நலம். தீர்மானம் இருந்தால் காரியதரிசிக்குப் பயமில்லை. ஆய்வாளருக்கும் எழுத ஒன்றுமிராது. இதில் சக அதிகாரிகள் சிலர் என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை. விதிவிலக்கு என்று ஒன்று வைத்தால் அது நீண்டுகொண்டே போகும் என்கிறார்கள். நீளட்டும், அளந்து பார்க்கலாம்.

மேலே சொன்ன சங்கத்துக்குச் சென்ற மாதம் மறுபடி போயிருந்தேன். அதே காரியதரிசிதான். ஓட்டுநரும் அவரே; நடையில் சிறிது சாய்வு இருக்கிறது. செலவுச் சீட்டைக் கேட்குமுன்பே அவர் அலமாரியிலிருந்து ஒரு கோணிப் பையை எடுத்து வந்து என் மேஜைமேல் கொட்டினார். பதினாறு போல்ட். ஒவ்வொன்றாக எடுத்து நட்டை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தில் நட்டு பாதியிலேயே நின்றது. சீட்டில் கையெழுத்திட்டேன். ஓட்டுநர் அவற்றை வாசல் கல்லில் வைத்து வளைத்துக்கொண்டிருக்கும்போதே நான் அடுத்த பேரேட்டைத் திறந்தேன்.